'லைக்'கா 'அஸ்'ஸா? மீன் மார்க்கெட்ல கேட்ட 'மாதிரி'யில இருந்து ஆரம்பிப்போம்

தம்பி, நீங்க கேட்டது இதுதான். கடலூர்ல இருந்து தினம் பஸ் ஏறி பாண்டிச்சேரியில ஒரு ஹோட்டல் ரிசப்ஷன்ல வேலை பாக்கறீங்க. வேற ஒரு பெரிய ஹோட்டலுக்கு அப்ளிகேஷன் போட்டப்போ 'ஐ வொர்க்ட் லைக் அ கேஷியர் ஃபார் டூ இயர்ஸ்'னு எழுதியிருக்கீங்க, இன்டர்வியூ எடுத்தவர் அதைப் படிச்சுட்டு "அப்போ நீங்க நிஜமா கேஷியர் இல்லையா?"ன்னு கேட்டிருக்காரு, உங்களுக்கு எங்க தப்புன்னே புரியல. லைக், அஸ், சேம், சிமிலர், தேன், கம்பேர் இதெல்லாம் எது எங்க வரும்னு ஒரு தடவை உருப்படியா யாராவது சொல்லுங்கன்னு கேட்டிருக்கீங்க. மஞ்சக்குப்பத்துல இருபது வருஷத்துக்கு மேல இங்கிலீஷ் ட்யூஷன் எடுக்கறேன், பசங்க அதிகமா தப்பு பண்ற இடம் இதுதான், ஆனா அது பசங்க தப்பு இல்லைன்னு நான் உறுதியா நம்பறேன். லைக்னா போல, அஸ்னா போல, சிமிலர்னா போலன்னு எல்லாத்துக்கும் ஒரே அர்த்தம் எழுதிக் குடுத்துட்டோம், அப்புறம் எது எங்கன்னு புள்ளைங்களுக்கு எப்படித் தெரியும்?

நான் சொல்ல வர்ற விஷயம் ஒண்ணே ஒண்ணுதான். நீங்க தமிழ்ல பேசும்போது இந்த வித்தியாசத்தை ஒரு தடவை கூட தப்பா சொன்னதில்ல. 'கேஷியரா வேலை பாத்தேன்'னுதான் வீட்ல சொல்லியிருப்பீங்க, 'கேஷியர் மாதிரி வேலை பாத்தேன்'னு சொல்லியிருக்கவே மாட்டீங்க. அந்த 'ஆ' இருக்கே, கேஷியர்-ஆ, டீச்சர்-ஆ, காவக்காரன்-ஆ, எழுத்துத் தமிழ்ல 'ஆக'ன்னு வரும், அதுதான் இங்கிலீஷ் 'அஸ்'. 'மாதிரி' வந்தா 'லைக்'. அவ்ளோதான் முதல் பாடம்.

கடலூர் ஓ.டி., அதான் ஓல்ட் டவுன் பக்கம் மீன் வாங்கப் போவேன், அங்க ஒரு அக்கா கிட்டதான் வாடிக்கை. ஒரு நாள் நீளமா வெள்ளியா மின்னிக்கிட்டு ஒரு மீன் கெடந்துது, நான் வஞ்சிரமான்னு கேட்டேன். "வஞ்சிரம் இல்லம்மா, சீலா. வஞ்சிரம் மாதிரி இருக்கும், துண்டு போட்டா யாரு கண்டா, ஆனா உனக்குப் பொய் சொல்லிக் குடுக்க மாட்டேன்"னாங்க. அடுத்த நாள் கிளாஸ்ல இதைத்தான் பாடமா எடுத்தேன். 'மாதிரி'ன்னு ஒரு வார்த்தை வந்துட்டாலே அது அந்தப் பொருள் இல்லைன்னு ஒத்துக்கிட்டோம்னு அர்த்தம். சீலா வஞ்சிரம் 'மாதிரி'ன்னா சீலா வஞ்சிரம் இல்ல. அதே கணக்குதான் 'லைக்'குக்கும், லைக் அ கேஷியர்னா கேஷியர் இல்ல, ஆனா கேஷியர் செய்யறதைச் செஞ்சீங்க. உங்களை இன்டர்வியூ எடுத்தவர் கேட்டது குத்தல் இல்ல தம்பி, நீங்க எழுதின வாக்கியத்துக்கு அதுதான் நேர் அர்த்தம்.

நம்ம ஊர் சரித்திரத்துலயே இதுக்கு உதாரணம் இருக்கு. 1746-ல பிரெஞ்சுக்காரங்க சென்னையைப் பிடிச்ச பிறகு 1752 வரைக்கும் தேவனாம்பட்டினத்துல இருக்கற செயின்ட் டேவிட் கோட்டைதான் இங்கிலீஷ்காரங்களுக்குத் தலைமையிடமா இருந்துது. தலைமையிடம்-ஆ. அதனால 'த ஃபோர்ட் சர்வ்ட் அஸ் தெயர் ஹெட்குவார்ட்டர்ஸ்'. இங்க லைக் போட்டா தலைமையிடம் வேற எங்கயோ இருந்துது, இது சும்மா அதை மாதிரி இருந்துதுன்னு ஆயிடும். அதே காலத்துல பாண்டிச்சேரி பக்கம் ஆனந்தரங்கப் பிள்ளை பிரெஞ்சு கவர்னர் டூப்ளேக்கு துபாஷா, அதாவது மொழிபெயர்ப்பாளரா இருந்தாரு, அதுவும் 'ஹி வொர்க்ட் அஸ் அ துபாஷ்'. துபாஷ் மாதிரி இல்ல, துபாஷேதான்.

இன்னொண்ணு சொல்றேன், ரெண்டுக்கும் நடுவுல எவ்ளோ தூரம்னு தெரியும். ஒரு அம்மா பையன்கிட்ட 'உன் அம்மாவா சொல்றேன், கேளு'ங்கறாங்க, பக்கத்து வீட்டு அத்தை 'உன் அம்மா மாதிரி சொல்றேன், கேளு'ங்கறாங்க. முதல்ல உள்ளது 'அஸ் யுவர் மதர்', ரெண்டாவது 'லைக் யுவர் மதர்'. மாத்திப் போட்டா அம்மாவே அத்தையாயிடுவாங்க. 'அஸ் அ சைல்ட்'டுன்னா குழந்தையா இருந்தப்போ, 'லைக் அ சைல்ட்'டுன்னா பெரியவங்க குழந்தை மாதிரி நடந்துக்கறது.

சரி, இப்போ சிக்கல் எங்கன்னா, நம்ம 'மாதிரி' ரெண்டு எடத்துல உக்காரும். 'அப்பா மாதிரி'ன்னு பேருக்குப் பின்னாடியும் வரும், 'அப்பா சொன்ன மாதிரி'ன்னு வினைக்குப் பின்னாடியும் வரும். இங்கிலீஷ்ல இது ரெண்டும் வேற வேற. வெறும் பேர்னா லைக், 'லைக் மை ஃபாதர்'. சொன்ன, செஞ்ச, நினைச்சன்னு ஒரு வினை இருந்தா அஸ், 'அஸ் மை ஃபாதர் செட்'. ஆனா இங்கிலீஷ்காரங்களே பேச்சுல 'லைக் மை ஃபாதர் செட்'னு தாராளமா சொல்வாங்க. 1954-ல அமெரிக்காவுல வின்ஸ்டன் சிகரெட் விளம்பரத்துல 'வின்ஸ்டன் டேஸ்ட்ஸ் குட் லைக் அ சிகரெட் ஷுட்'னு போட்டாங்க, 'அஸ்' போட வேண்டிய எடத்துல 'லைக்' போட்டு மொழியைக் கெடுக்கறாங்கன்னு இலக்கணக்காரங்க பெரிய சண்டை போட்டாங்க, ஆனா ஜனங்க அதுக்கு முன்னாடியும் அப்படித்தான் பேசினாங்க, இப்பவும் அப்படித்தான் பேசறாங்க. என் அபிப்ராயம், பேசும்போது கவலைப்படாதீங்க, கெஸ்ட் கிட்ட 'லைக் ஐ செட்'னு சொன்னா ஒண்ணும் குடி முழுகாது, அப்ளிகேஷன், மெயில், பரீட்சை இந்த மூணுல மட்டும் 'அஸ் ஐ செட்' எழுதுங்க.

நடக்காததை நடந்த மாதிரி சொல்றது தனி. தானே புயல் ராத்திரி ஞாபகம் இருக்கா, 2011 டிசம்பர் 30 விடியக்காலை, நீங்க அப்போ சின்னப் பையனா இருந்திருப்பீங்க. எங்க வீட்ல ஓடு பறக்க ஆரம்பிச்சு நாங்க எல்லாரும் கட்டிலுக்கு அடியில உக்காந்திருந்தோம், காத்து சத்தம் தலைக்கு மேல ரயில் போற மாதிரி இருந்துது, ஒரு பெட்டி ரெண்டு பெட்டி இல்ல, முடியவே முடியாத கூட்ஸ் வண்டி. இதைச் சொல்லணும்னா 'இட் சவுண்டட் லைக் அ ட்ரெயின்', இங்க லைக்குக்குப் பின்னாடி ட்ரெயின்னு பேர் மட்டும் இருக்கு. 'ரயில் போற மாதிரி'ன்னு முழுசா சொல்லணும்னா 'இட் சவுண்டட் அஸ் இஃப் அ ட்ரெயின் வேர் பாஸிங் ஓவர் த ரூஃப்'. 'அஸ் இஃப்', 'அஸ் தோ' ரெண்டும் ஒண்ணுதான். நிஜம் இல்லைன்னு அழுத்தமா சொல்லணும்னா பின்னாடி வர்ற வினை இறந்த காலத்துக்குப் போயிடும், 'ஹி டாக்ஸ் அஸ் இஃப் ஹி ஓன்ட் த ஹோட்டல்', ஓட்டலே அவருது மாதிரி பேசறாரு, ஆனா அவருது இல்ல.

இந்த லைக்குங்கற வார்த்தைக்கு ஒரு பூர்வீகம் உண்டு, எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், கொஞ்சம் பொறுத்துக்கிட்டு படிங்க. பழைய இங்கிலீஷ்ல 'லிச்'சுன்னா உடம்பு, வடிவம். ஒரே உடம்பு உள்ளதுன்னு சொல்ற வார்த்தைதான் தேஞ்சு லைக் ஆச்சு, ஃப்ரெண்ட்லி, மதர்லின்னு கடைசியில வர்ற அந்த 'லி' கூட அதே உடம்புதான். நம்ம தொல்காப்பியத்துல உவமையியல்னு ஒரு இயலே இருக்கு, அதுல உவமை நாலு வழியில வரும்னு சொல்லுது, வினை, பயன், மெய், உரு. செய்யற செயல், கிடைக்கற பலன், வடிவம், நிறம். மெய்ன்னா உடம்பு, வடிவம், அங்கயும் அதே எண்ணம். புலி மாதிரி பாய்ஞ்சான்னா வினை, மழை மாதிரி குடுத்தான்னா பயன், உடுக்கை மாதிரி இடைன்னா மெய், பவளம் மாதிரி வாய்னா உரு. இங்கிலீஷ்ல எதுல ஒத்துப்போகுதுன்னு பெரும்பாலும் முன்னாடி வர்ற வினைச்சொல் சொல்லிடும்: லுக் லைக், சவுண்ட் லைக், டேஸ்ட் லைக், ஸ்மெல் லைக், ஆக்ட் லைக். 'சீலா லுக்ஸ் லைக் வஞ்சிரம், பட் இட் டஸன்ட் டேஸ்ட் லைக் இட்'. இந்த ஒரு வாக்கியம் எங்க கிளாஸ் பசங்க எல்லாருக்கும் மனப்பாடம்.

பாண்டிச்சேரியில பிரெஞ்சு எடுத்துப் படிக்கற புள்ளைங்களுக்கு இங்க ரெட்டைத் தொல்லை, ஏன்னா பிரெஞ்சுல 'கொம்'முங்கற ஒரே வார்த்தை கேஷியரா வேலை பாத்தாங்கறதுக்கும் வரும், குருவி மாதிரி பாடறாங்கறதுக்கும் வரும். அந்தப் பழக்கத்துல இங்கிலீஷ்லயும் ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு எல்லாத்துக்கும் போடுவாங்க. அவங்ககிட்டயும் நான் சொல்றது இதேதான், நடுவுல பிரெஞ்சை விட்டுட்டு தமிழ்ல சொல்லிப் பாரு, 'ஆ' வருதா 'மாதிரி' வருதான்னு.

அடுத்து சேம். நம்ம ஊர்ல 'சேம் டு சேம்'னு சொல்வோம், பஸ்ல, கடையில எல்லா எடத்துலயும், அது நம்ம பேச்சுக்கு நல்லாத்தான் இருக்கு, நானும் சொல்வேன், ஆனா வெளியூர்க்காரங்களுக்குப் புரியாது. இங்கிலீஷ்ல சேமுக்கு முன்னாடி 'த' கட்டாயம், பின்னாடி 'அஸ்'. 'யுவர் பேக் இஸ் த சேம் அஸ் மைன்'. 'சேம் லைக்' தப்பு, 'அஸ் சேம் அஸ்' தப்பு, இது ரெண்டும்தான் நம்ம பக்கம் அதிகம் கேக்கற தப்பு. சேம்னா அதே, சிமிலர்னா அதை மாதிரி, சிமிலருக்குப் பின்னாடி எப்பவும் 'டு', 'வித்' கிடையாது. அலைக்குனு ஒண்ணு இருக்கு, அது பேருக்கு முன்னாடி ஒட்டி வராது, 'த டூ சிஸ்டர்ஸ் ஆர் அலைக்'னு சொல்லலாம், 'அலைக் சிஸ்டர்ஸ்'னு சொல்லக் கூடாது. டிஃபரென்ட்டுக்கு 'ஃப்ரம்' போடுங்க, பிரிட்டிஷ்காரங்க 'டு'வும் சொல்வாங்க, அமெரிக்காவுல 'தேன்' சொல்வாங்க, ஃப்ரம் போட்டா எங்கயும் யாரும் குத்தம் சொல்ல முடியாது.

'அளவுக்கு'ன்னு தமிழ்ல வந்தா அஸ்-அஸ் ஜோடி. 'கடலூர் அளவுக்குப் பாண்டியில வெயில் இல்ல'ன்னா 'பாண்டி இஸ் நாட் அஸ் ஹாட் அஸ் கடலூர்'. ரெண்டு மடங்குன்னா 'ட்வைஸ் அஸ் பிக் அஸ்'. முதல் அஸ் போட்டுட்டு ரெண்டாவதை மறக்கறது சகஜம், ஜோடியாவே பழகிக்கோங்க. இந்த அஸ் வேற எதுவும் இல்ல, 'ஆல்ஸோ'ங்கற வார்த்தை பேசிப் பேசி தேஞ்சு போனது.

இப்போ 'விட'. இங்க கொஞ்ச நேரம் நிக்கணும், ஏன்னா இதுல தமிழ் வேற விதமா யோசிக்குது. 'அவனை விட இவன் உயரம்'னா, அவனை விட்டுடு, இவன் உயரம். 'அதைக் காட்டிலும்'னா அதைக் காட்டினாலும் இது மேல, 'பாக்கிலும்'னா அதைப் பாத்தாலும் இது மேல. விடு, காட்டு, பாருன்னு மூணு வினைச்சொல்லை வெச்சே ஒப்பீட்டை முடிச்சுடறோம், உயரம்ங்கற வார்த்தை ஒரு எழுத்து கூட மாறறதில்ல. இங்கிலீஷ்ல டால் போய் டாலர் ஆகணும், பியூட்டிஃபுல்லுக்கு முன்னாடி மோர் வரணும், அப்புறம் 'தேன்' வரணும். நம்ம நாக்குக்கு அது பழக்கமில்லாததால ஒண்ணு சுத்தமா விட்டுடுவோம், 'திஸ் பஸ் இஸ் ஃபாஸ்ட் தேன் தட்'ம்போம், இல்லைன்னா பயத்துல ரெண்டு தடவை போடுவோம், 'மோர் ஃபாஸ்டர்', 'மோர் பெட்டர்', 'மோர் சீப்பர்'. ஒரு தடவை போதும் தம்பி. சின்ன வார்த்தைன்னா கடைசியில 'அர்', பெரிய வார்த்தைன்னா முன்னாடி 'மோர்', ரெண்டும் சேர்ந்து வராது.

'தேன்'னு எழுதும்போது நடுவுல 'ஏ'வுக்குப் பதிலா 'ஈ' போட்டா 'அப்புறம்'னு அர்த்தம் மாறிடும். பழைய இங்கிலீஷ்ல ரெண்டும் ஒரே வார்த்தையாதான் இருந்துது, பின்னாடிதான் ஸ்பெல்லிங் பிரிஞ்சுது, அதனால இன்னிக்கு வரைக்கும் வெள்ளைக்காரங்களே மாத்தி எழுதுவாங்க.

சில வார்த்தைங்க மட்டும் தேன் கேக்காது, 'டு' கேக்கும். சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர், இதெல்லாம் லத்தீன்ல இருந்து வரும்போதே 'அதிகம்'ங்கறதை வயித்துக்குள்ள வெச்சுக்கிட்டு வந்த வார்த்தைங்க. 'ஷீ இஸ் சீனியர் டு மீ'. பிரிஃபரும் அப்படித்தான், 'ஐ பிரிஃபர் டீ டு காஃபி'. இதைப் பாத்துட்டு நம்மாளுங்க 'எல்டர் டு மீ'ன்னு ஒண்ணு உண்டாக்கிட்டாங்க, ஊர் முழுக்க அப்படித்தான் சொல்றாங்க, அங்க 'ஓல்டர் தேன் மீ' சொல்லணும். எல்டரை 'மை எல்டர் பிரதர்'னு அண்ணனுக்கு முன்னாடி ஒட்டித்தான் சொல்லணும்.

இன்னொரு எடம் ரொம்ப கவனம். 'த கிளைமேட் ஆஃப் கடலூர் இஸ் சிமிலர் டு பாண்டிச்சேரி'. என்ன தப்புன்னு தோணும். கடலூரோட வெயிலைக் கொண்டுபோய் பாண்டிச்சேரிங்கற ஊரோட ஒப்பிட்டுட்டோம், வெயிலை வெயிலோடதான் ஒப்பிடணும். 'சிமிலர் டு தட் ஆஃப் பாண்டிச்சேரி'. தமிழ்ல 'கடலூர் வெயில் பாண்டிச்சேரி மாதிரிதான்'னு சொன்னா யாரும் தப்பு சொல்ல மாட்டோம், கேக்கறவங்க நிரப்பிப்பாங்க, எழுத்து இங்கிலீஷ்ல நாமதான் நிரப்பணும். இதே ஜாதியில இன்னொண்ணு, 'பண்ருட்டி ஜாக்ஃப்ரூட் இஸ் ஸ்வீட்டர் தேன் எனி ஜாக்ஃப்ரூட்'. எனி ஜாக்ஃப்ரூட்ல பண்ருட்டி பலாவும் சேர்ந்துடுதே, அதை விட அதுவே எப்படி இனிக்கும்? 'எனி அதர்' போடணும். பத்தாம் கிளாஸ்ல 'நோ அதர்', 'வெரி ஃப்யூ'ன்னு மாத்தி மாத்தி எழுத வைப்பாங்களே டிகிரீஸ் ஆஃப் கம்பாரிசன், அதோட மொத்த சூட்சுமமும் இந்த அதர்லதான் இருக்கு, ஆனா பரீட்சைக்கு எழுதற அவசரத்துல அதை யாரும் நின்னு சொல்றதில்ல.

'ஷீ லைக்ஸ் யூ மோர் தேன் மீ'ன்னா அவளுக்கு என்னைப் பிடிக்கறதை விட உன்னைப் பிடிக்கும்னும் ஆகும், எனக்கு உன்னைப் பிடிக்கறதை விட அவளுக்கு உன்னைப் பிடிக்கும்னும் ஆகும். 'என்னை விட அவளுக்கு உன்னைப் பிடிக்கும்'னு தமிழ்ல சொன்னாலும் இதே குழப்பம் உண்டு. 'தேன் ஐ டூ'ன்னு முடிச்சா ரெண்டாவது அர்த்தம் தெளிவாயிடும்.

கம்பேர்ல நுணுக்கம் ஒண்ணு உண்டு. வேற இனத்துப் பொருளை உவமையா சொன்னா 'டு', பாண்டிச்சேரியை பிரான்ஸ் கடற்கரை ஊர்ங்களோட உவமை சொல்வாங்களே அது 'கம்பேர் டு'. ரெண்டை வெச்சு நிறுத்துப் பாத்தா 'வித்', போன வருஷ மழையோட இந்த வருஷ மழை. இப்போ பத்திரிகையிலயே கலந்துதான் எழுதறாங்க. ஆனா 'மோர் கம்பேர்ட் டு லாஸ்ட் இயர்'னு மோரையும் கம்பேரையும் ஒண்ணா போடாதீங்க, 'மோர் தேன் லாஸ்ட் இயர்' போதும்.

'படிக்கப் படிக்க'ன்னு தமிழ்ல ரெட்டிச்சு சொல்றோமே, அதுக்கு இங்கிலீஷ்ல 'த மோர் யூ ரீட், த ஈஸியர் இட் கெட்ஸ்', அங்கயும் ரெண்டு 'த' ரெட்டிக்குது.

கடைசியா, உங்க கேள்வியில ஒரு ஓரமா எழுதியிருந்தீங்களே, ஒரு வெள்ளைக்கார அம்மா 'வாட்ஸ் த பீச் லைக்?'னு கேட்டாங்க, நீங்க 'யெஸ் மேடம், ஐ லைக் பீச்'னு சொன்னீங்க, அவங்க சிரிச்சுட்டுப் போனாங்கன்னு. அதை நினைச்சு ரெண்டு நாள் தூங்கலைன்னும் எழுதியிருந்தீங்க. வெக்கப்படவே வேணாம், அந்தக் கேள்வி எங்க கிளாஸ்ல படிச்சு முடிச்ச பசங்களையே திணற வைக்கும். 'வாட் இஸ் இட் லைக்'குன்னா 'எப்படி இருக்கும்'னு கேக்கறாங்க, அந்த லைக் பிடிக்கும் இல்ல, நம்ம மாதிரி. எதை மாதிரின்னு கேட்டுக் கேட்டே எப்படிங்கற அர்த்தம் வந்துடுச்சு. ஆள் எப்படி, குணம் எப்படின்னா 'வாட் இஸ் ஹி லைக்', பாக்க எப்படின்னா 'வாட் டஸ் ஹி லுக் லைக்', சௌக்கியமான்னா 'ஹவ் இஸ் ஹி', என்ன பிடிக்கும்னா 'வாட் டஸ் ஹி லைக்'. நாலையும் கண்ணாடி முன்னாடி நின்னு சத்தமா சொல்லிப் பாருங்க, தவளக்குப்பம் அரியாங்குப்பம் தாண்டறதுக்குள்ள பஸ்லயே சொல்லிப் பாக்கலாம்.

அப்ளிகேஷனை 'ஐ வொர்க்ட் அஸ் அ கேஷியர் ஃபார் டூ இயர்ஸ்'னு திருத்தி இன்னொரு எடத்துக்கு அனுப்புங்க. அடுத்த தடவை யாராவது பீச் எப்படின்னு கேட்டா, 'இட்ஸ் ராக்கி, மேடம், நாட் அஸ் சாண்டி அஸ் பாரடைஸ் பீச், பட் இட்ஸ் லவ்லி ஃபார் அன் ஈவினிங் வாக்'னு சொல்லுங்க.